கேட் வரைக்கும்

வருகைப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்
காரணத்துக்கு.
சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.
காய்ச்சல் என்று எழுதலாம், ஊரில் கல்யாணம் என்று எழுதலாம்,
மழை என்று எழுதினால் சயானில் யாரும் மறுப்பதில்லை.

இசக்கிராஜுக்கு வயிற்றுவலி.
ஜூலையில் ஒன்பது நாள், ஆகஸ்டில் பதினாறு.
போனில் அவன் அம்மா அதைச் சொல்லும்போது
பின்னால் ஓடும் தையல் மிஷின் நிற்கும்,
சொல்லி முடித்ததும் ஓடும்.
ஒருநாள் கேட்டுவிட்டேன்:
"அதென்னம்மா, பரீட்சைன்னா மட்டும் வலிக்கிற வயிறு?"
மிஷின் ரொம்ப நேரம் ஓடவில்லை.

அந்தக் கேள்வியை நான் திரும்ப வாங்க முடியாது.
இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆபீஸ் ஜன்னலில் கேட் தெரியும்,
வடாபாவ் வண்டி தெரியும், அதன் நீலத் தார்ப்பாய் தெரியும்.
செப்டம்பரில்தான் பார்த்தேன்,
தார்ப்பாய்க்கு அடியில் எங்கள் சீருடை.
ஏழு ஐந்துக்கு வந்து நிற்கிறான்
பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
மணி அடிக்கிறது.
எல்லாரும் உள்ளே போக, அவனும் ஓர் அடி வைக்கிறான்.
வண்டிக்காரர் எண்ணெயில் மாவைப் போட
அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டவன்போல
அறுபதடி ரோட்டைப் பார்த்து நடந்துவிடுகிறான்.

மறுநாளும். அதற்கு மறுநாளும்.
வர மனமில்லாத எவன்
தினமும் குளித்து, தலை சீவி,
ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு
வராமல் இருப்பான்?

ஆப்சென்ட் போட வேண்டிய கட்டத்தில்
பேனாவை வைத்தேன், இழுக்கவில்லை.
ஒரு புள்ளி விழுந்தது.

பிறகு புள்ளிக்கும் ஒரு கணக்கு வந்தது.
கேட் வரை வந்தால் ஒன்று.
மாடிப்படித் திருப்பத்துத் தண்ணீர் டேங்க் வரை என்றால் இரண்டு.
வெள்ளிக்கிழமை மட்டும் வரும் கவுன்சிலர் பிரத்ன்யா காம்ப்ளே
பதிவேட்டைப் புரட்டினாள். சிரிக்கவில்லை.
"இதை அவனுக்குக் காட்டினீர்களா?"
எங்கே காட்ட? நான் குமாஸ்தா,
பீஸ் ரசீது கிழிப்பவள்.

காட்டினோம், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில்.
விரல் வைத்து எண்ணினான்.
"இங்க ஒண்ணு விட்டுப்போச்சு மிஸ்.
பதினொண்ணாந்தேதி நீங்க லீவு.
நான் வந்தேன்."

போட்டேன்.

வாசலை ஒட்டிய பெஞ்ச் அவனுக்கு என்று ஆனது.
கேட்காமல் எழுந்து போக ஒரு பச்சை அட்டை.
அதை அவன் இரண்டு முறைதான் எடுத்தான்,
பாக்கெட்டில் இருப்பதே போதுமாம்.
தோரட் சார் எல்லாரும் போன பிறகு
லேபை மறுபடி திறந்தார்.
நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டை
யாரும் பார்க்காமல் அவன் விட வேண்டியிருந்தது,
சாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
செவ்வாய்க்கிழமைகளில் பெரிய ஆஸ்பத்திரி வரிசை.
அப்பாவுக்கு அன்று கூலி கிடையாது.
"இதெல்லாம் போனால வர்றது" என்பார் என்னிடம்,
ஆனால் வரிசையில் நின்றார்.

மார்ச்சில் கூட்டம் போட்டார்கள்.
எழுபத்தைந்து சதவீதம் வேண்டும், இவனுக்கு நாற்பத்தொன்று.
"புள்ளிக்கு விதியில் இடம் இல்லை" என்றார் துணை முதல்வர்.
இல்லைதான்.
விதி எழுதியவர்கள் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.
இதை நான் சொல்லவில்லை, லோக்கல் ரயிலில்
குர்லா தாண்டிய பிறகு தோன்றியது.
கூட்டத்தில் சொன்னது வேறு:
"நூற்றிரண்டு நாள் வந்திருக்கிறான் சார்.
எங்கே வரை என்பதுதான் வித்தியாசம்."
பிரத்ன்யா டாக்டர் சீட்டை மேஜையில் வைத்தாள்.
தோரட் சார் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான் அவரால் முடியும்.

மூன்று பாடம் பாஸ்.
இரண்டு, ஜூனில் திரும்ப எழுதுகிறான்.
நல்ல நாள் இருக்கிறது, தார்ப்பாய் நாளும் இருக்கிறது.

இன்று காலை வேறொரு அம்மா.
பத்தாவது, பி பிரிவு.
"பொண்ணுக்குத் தலைவலிங்க" என்றவள்
அடுத்து என் குரலுக்காகப் பயந்து காத்திருந்தாள்.
"சரிம்மா. முடிஞ்சா நாளைக்குக் கேட் வரைக்கும் வரச் சொல்லுங்க.
உள்ள வர வேண்டாம்."

ஜன்னலைத் துடைத்தேன்.
மழைக்காலத்தில் கேட் சரியாகத் தெரியாது.